பழைய சுண்ணாம்புக்கல் தரையோடு புதிய கல்லைப் பொருத்துவது எப்படி? மலையக வீடுகளுக்கான ஒரு வழிகாட்டி

விறாந்தையில் பதித்த நாற்பது ஐம்பது சுண்ணாம்புக்கற்களில் மூன்று மட்டும் வெடித்துவிடும். ஒழுகும் குழாயைத் தேடித் தோண்டியபோது உடைந்திருக்கலாம். அடியில் இருந்த மண் மழையில் இறங்கியதால் பிளந்திருக்கலாம். அலுமாரியை நகர்த்தியபோது அதன் கால் பட்டுச் சிதறியிருக்கலாம். வீட்டுக்காரர் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே நிறம் என்று மனதுக்குத் தோன்றிய மூன்று கற்களை வாங்கி வருவார். மேசன் ஒரே நாளில் அவற்றைப் பதித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் பார்த்தால், நைந்த சாரத்தில் புதுத்துணியை ஒட்டுப் போட்டதுபோல் அந்த மூன்றும் தனியாகத் தெரியும்.

இந்த வேலையை முதன்முதலாகச் செய்ய முனைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பங்களாக்களிலும் வீடுகளிலும் தரைகளைச் செப்பனிட்டுப் பெற்ற அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. கடைக்குப் போவது இந்த வேலையின் முதற்படி அல்ல, நடுப்படி. அதற்கு முன் பழைய கல்லை அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பின் புதிய கல்லைக் கண் விழாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டையும் செய்தவர்களுக்குக் கடையில் கிடைக்கும் கல் ஓரளவு பொருந்தினாலே போதும். இரண்டையும் செய்யாதவர்களுக்கு எவ்வளவு நல்ல கல் கிடைத்தாலும் போதாது.

தரையில் இருப்பது சுண்ணாம்புக்கல்தானா?

மலையகத்துப் பழைய வீடுகளில் மரப்பலகைத் தரையும் சிவப்புச் சீமெந்துத் தரையும்தான் அதிகம். கல் பதித்த தரை இருந்தாலும் அது கருங்கல்லாகவோ, கல்லைப்போல் அச்சிட்ட பீங்கான் டைல்ஸாகவோ இருக்கலாம். ஆகவே உடைந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் உடைந்த முகத்தில் தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ ஒரு துளி விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சிறு குமிழிகள் எழும். கல்லில் உள்ள கல்சியம் காபனேற்று அமிலத்தோடு சேர்ந்து கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதால்தான் அந்தக் குமிழிகள் வருகின்றன. பிறகு ஒரு கத்தி முனையால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் கோடு எளிதில் விழும். கருங்கல்லிலும் நல்ல பீங்கானிலும் விழாது. இரண்டு சோதனைகளையும் உடைந்த துண்டில் மட்டுமே செய்யுங்கள். தரையில் செய்தால் அந்தத் துளி விழுந்த இடம் மங்கிப் போய் நிரந்தரமாக நிற்கும்.

தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பை முறிக்க டொலமைட் தூள் தூவுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல்லின் நெருங்கிய உறவு. மண்ணில் உள்ள அமிலத்தை எந்தக் குணத்தால் அது முறிக்கிறதோ, அதே குணத்தால்தான் உங்கள் வீட்டுத் தரையும் அமிலத்துக்குத் தன்னைக் கொடுத்துக் கரைகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், கழிவறை கழுவும் அமிலத் திரவத்தை இந்தத் தரைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர மாட்டீர்கள்.

மாத்தளை, கண்டி, பதுளைப் பகுதிகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் நிலத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய பளிங்குவகை. உடைத்தால் சர்க்கரைக் கட்டிபோல் மின்னும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது கடலில் படிந்து உருவான மங்கலான வகை. கடைகளில் தரைக்கல்லாக விற்கப்படும் பெயர்பெற்ற வகைகளில் பல இந்தியாவைச் சேர்ந்தவை: ராஜஸ்தானின் கோட்டா கல் பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும், ஜெய்சல்மேர் கல் மஞ்சள், ஆந்திராவின் கடப்பாக் கல் கருமை. உங்கள் கல் இவற்றில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். உடைந்த துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். படம் உதவாது, ஏனென்றால் கைத்தொலைபேசி ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு நிறத்தைக் காட்டும்.

நிறம் எதனால் மாறியது?

பழைய தரையின் மங்கல் ஒரே காரணத்தால் வருவதில்லை. மேலே படிந்த மாற்றம் எது, கல்லுக்குள் இறங்கிய மாற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தின் நோக்கம். மேலே படிந்ததை நீக்கலாம். உள்ளே இறங்கியதோடு பெரும்பாலும் ஒத்துப்போகத்தான் வேண்டும்.

மலையகத்தில் நான் அதிகம் கண்டது பொலிஷ் மெழுகு. சிவப்புச் சீமெந்துக்குப் பூசிய பழக்கத்தில் கல்லுக்கும் அதையே பூசி, ஆண்டுக்கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தேய்த்திருப்பார்கள். அது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது செம்மண். தோட்டத்துப் பாதையிலிருந்து காலோடு வரும் நுண்ணிய சேறு கல்லின் துளைகளில் அடைந்து இளஞ்சிவப்புச் சாயலைத் தரும். கணப்படுப்பு உள்ள அறைகளில் அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வரிசைக் கற்கள் புகைக்கரியால் கறுத்திருக்கும். தேநீர் சிந்திய இடங்களில் பழுப்பு வட்டங்கள் தெரியும். அதே இடத்தில் இரும்புச் சட்டமோ ஆணியோ இருந்திருந்தால் தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்து மைபோல் கறுத்துவிடும்.

இவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கல்லுக்குள்ளேயே இருக்கும் இரும்புக் கனிமம் ஈரத்தில் துருவேறி மஞ்சளாவது வேறு விஷயம். நிலத்திலிருந்து ஈரம் ஏறும் சுவரோரங்களில் இதைப் பார்க்கலாம். கருங்கடப்பா போன்ற இருண்ட கற்கள் வெயில் படும் சன்னலோரத்தில் வெளுத்துச் சாம்பல் நிறமாவதும் உண்டு. இந்த இரண்டு மாற்றங்களையும் கழுவி எடுக்க முடியாது. எடுக்க முயலவும் வேண்டாம்.

கல்லின் உண்மையான நிறத்தைக் காண மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, உடைந்த துண்டின் உட்புறம். இரண்டு, பல ஆண்டுகளாக நகர்த்தப்படாத அலுமாரியின் அடி. மூன்று, கதவு நிலைக்குப் பின்னால் துடைப்பம் எட்டாத மூலை. இந்த மூன்றையும் பார்த்தபின் தரையின் நடுவைப் பார்த்தால், கல் எவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பழையதைக் கழுவுதல்

பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகும் கட்டம் இது. வேலை கெடுவதும் இங்கேதான். அழுக்கோடு இருக்கும் தரைக்குப் பொருத்தமாகக் கல் வாங்கினால், என்றாவது ஒருநாள் தரையை நன்றாகக் கழுவியவுடன் புதிய கற்கள் மட்டும் இருண்டு நிற்கும். ஆகவே முதலில் ஒரு சதுர மீற்றர் அளவுள்ள மறைவான இடத்தில் கழுவிப் பார்த்துவிட்டு, பிறகு அறை முழுவதையும் கழுவுங்கள்.

மண்ணையும் தூசியையும் மெல்லிய துடைப்பத்தால் உலர்ந்த நிலையிலேயே கூட்டி அகற்றுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கல்லில் கீறல் விழும். பிறகு இளஞ்சூட்டு நீரில், அமிலமோ கடும் காரமோ இல்லாத நடுநிலைத் திரவத்தைச் சில துளிகள் விட்டு, மென்மையான தும்புப் பிரஷால் தேய்த்து, அழுக்கு நீர் கல்லின் மேல் காய்ந்துவிடாமல் சீலையால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் தேசிக்காய் கலந்ததை ஒதுக்குங்கள். நல்ல நீரால் இரண்டு தடவை துடையுங்கள். துரு பிடிக்கும் இரும்புக் கம்பிப் பந்தைத் தொடவே வேண்டாம். அதன் துகள் ஒன்று கல்லில் தங்கினாலும் பின்னால் துருப்புள்ளியாகும்.

மெழுகு இருக்கிறதா என்று அறிய, வெள்ளைச் சீலை ஒன்றில் சிறிது டர்பன்டைனைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். சீலை மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் மெழுகு இருக்கிறது. அப்படியானால் இரண்டு மூன்று கற்களாக எடுத்து, சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் அணைத்த நிலையில், சீலையை அடிக்கடி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரு பெரிய அறைக்கு இரண்டு நாட்கள்கூட ஆகலாம். ஆனால் அந்த இரண்டு நாட்களில் தரை காட்டும் மாற்றத்தைப் பார்த்து, கல்லே வாங்க வேண்டியதில்லை, உடைந்ததை ஒட்டினால் போதும் என்று முடிவு செய்தவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆழமான கறைகளுக்குப் பற்றுப் போட வேண்டும். தேநீர், இலை, சருகு போன்றவற்றின் கறைக்கு, பார்மசியில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டை அப்பச்சோடாவுடன் பிசையுங்கள். எண்ணெய்க் கறைக்கு அசற்றோனை வெள்ளைக் களிமண் தூளோடோ டல்கம் பவுடரோடோ பிசையுங்கள். இட்லி மாவை விடக் கெட்டியாகவும் ரொட்டி மாவை விடத் தளர்வாகவும் இருக்கவேண்டும். கறையின் மேல் கால் அங்குலக் கனத்தில் அப்பி, பொலித்தீன் போட்டு மூடி, ஓரங்களை ஒட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பொலித்தீனை எடுத்துவிட்டு முழுவதும் காயவிட வேண்டும். காயும்போதுதான் கறை மேலே இழுபடும். ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். ஒரே தடவையில் போகாவிட்டால் மீண்டும் போடலாம். இருண்ட நிறக் கல்லுக்குப் பேரொட்சைட்டு வேண்டாம், வெளுத்துவிடும். குளோரின் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். இரும்புக் கனிமம் உள்ள கல்லை அது மேலும் துருநிறமாக்கும். அதை அமிலத்தோடோ அமோனியாவோடோ சேர்த்தால் நச்சுவாயு எழும்.

சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை நீர் படாமல் உலர்ந்த பிரஷால் கூட்டுங்கள். நீர் விட்டால் உப்பு கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். அந்த உப்புக்குக் காரணம் ஈரம். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, வெளிக்கான் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழுவியபின் குறைந்தது ஒரு வாரம் தரையைக் காயவிடுங்கள். அதற்கு முன் தெரியும் நிறம் ஈரத்தின் நிறம்.

அளவும் மேற்பரப்பும்

பழைய கற்கள் அங்குலத்தில் வெட்டப்பட்டவை. 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீற்றர், இன்று கடையில் 12 அங்குலம் என்று சொல்லித் தருவது பல சமயம் 300 மில்லிமீற்றர். ஒரு கல்லுக்கு ஐந்து மில்லிமீற்றர் பெரிதாகத் தெரியாது. பத்துக் கற்கள் வரிசையாக வந்தால் 48 மில்லிமீற்றர் இடைவெளி விழும். ஆகவே சற்றுப் பெரிய கல்லை வாங்கி அளவுக்கு வெட்டுவதே நல்லது. கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். நடைவழியில் இருக்கும் கல் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும் என்பதால், கனத்தை ஓரத்தில் அளக்க வேண்டும்.

மேற்பரப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நிறம் பொருந்தவில்லை என்று என்னிடம் காட்டப்பட்ட தரைகளில் பலவற்றில் உண்மையில் பொருந்தாமல் இருந்தது பளபளப்புத்தான். பளபளக்கும் கல் வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்புவதால் நிறம் ஆழமாகத் தெரிகிறது. தேய்ந்து மங்கிய கல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரிகிறது. இரண்டும் ஒரே பாறையிலிருந்து வந்தவையாக இருந்தாலும் கண் அவற்றை வேறு நிறம் என்றே சொல்லும். இதைச் சோதிக்க இரண்டு கற்களையும் நீரால் நனைத்துப் பாருங்கள். நனைந்த நிலையில் ஒன்றாகத் தெரிந்தால் நிறம் சரி, மேற்பரப்பைத்தான் மாற்ற வேண்டும். நனைந்தபோதும் வேறாகத் தெரிந்தால் வேறு கல்லைத் தேடுங்கள்.

மாதிரியைத் தெரிவு செய்தல்

கடையில் ஒரு துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பாறையிலிருந்து வெட்டிய பத்துக் கற்களும் பத்து விதமாக இருக்கும். ஐந்தாறு முழுக்கற்களையாவது மாதிரியாகக் கேட்டு வாங்கி வாருங்கள். கொழும்பிலோ கண்டியிலோ வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவற்றைத் தரையில் கிடத்தி, நின்ற நிலையில் பாருங்கள். கையில் பிடித்துக் கண்ணருகே பார்க்கும் கல் ஏமாற்றும்.

மலையகத்தின் வெளிச்சம் சமவெளியின் வெளிச்சம் அல்ல. காலை வெயில், மூடுபனி இறங்கிய பிற்பகல், இரவில் மின்குமிழ் என்று மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் குமிழின் கீழ் பொருந்தும் மஞ்சட்கல், பனி வெளிச்சத்தில் பச்சையடித்து நிற்பதுண்டு. எந்த வேளையில் அந்த அறை அதிகம் பயன்படுகிறதோ, அந்த வேளையின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அப்புத்தளைப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றின் சாப்பாட்டறையில் நான்கு கற்களை மாற்றினேன். பிற்பகல் வெயிலில் அவை பழையவற்றோடு நன்றாகச் சேர்ந்துவிட்டன. எவை புதியவை என்று வீட்டு அம்மாவுக்கே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்திருந்தபோது பனி உள்ளே வந்தது. பழைய கற்கள் ஈரத்தை உறிஞ்சி இருண்டன. புதியவை நான்கும் வெள்ளைக் கடதாசி விரித்ததுபோல் வெளிறி நின்றன. புதிய கற்களுக்கு மட்டும் நான் சீலர், அதாவது ஈரமும் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு, பூசியிருந்தேன். பழையவை பூச்சு இல்லாமல் இருந்தன. நிறத்தைப் பொருத்திய நான், ஈரத்தை உறிஞ்சும் தன்மையைப் பொருத்த மறந்துவிட்டேன். அன்றுமுதல் மாதிரிக் கல்லின் மேலும் பழைய கல்லின் மேலும் ஒவ்வொரு துளி நீர் விட்டு, இரண்டும் எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகின்றன என்று பார்க்காமல் எந்தக் கல்லையும் நான் வாங்குவதில்லை.

தேவைக்கு மேல் 100க்கு 15 வீதம் கூடுதலாக வாங்குங்கள். கூடுதல் கற்கள் உடைவுக்காக மட்டும் அல்ல. அவற்றிலிருந்து நல்ல பொருத்தமானவற்றைப் பொறுக்கி எடுப்பதற்காகவும்தான்.

இடம் மாற்றிப் பதித்தல்

புதிய கல்லைப் பழையதுபோல் ஆக்க முயல்வதை விட எளிதான வழி, பழைய கல்லையே எடுத்து வந்து உடைந்த இடத்தில் வைப்பது. வீட்டுக்குள்ளேயே உங்களுக்கு ஒரு கற்சுரங்கம் இருக்கிறது: அலுமாரியின் அடி, படிக்கட்டின் கீழ், களஞ்சிய அறை, குசினி அடுக்குப் பெட்டிகளின் பின்புறம். இந்த இடங்களில் இருக்கும் கற்களைக் கவனமாகப் பெயர்த்து விறாந்தையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். புதிய கற்களை அந்த மறைவான இடங்களில் பதித்துவிடுங்கள். வேலை இரட்டிப்பாகும், கூலியும் கூடும். ஆனாலும் ஆறு கற்களுக்குக் குறைவான பழுதென்றால் நான் வேறு எந்த வழியையும் பரிந்துரைப்பதில்லை.

அலுமாரியின் அடியில் இருந்த கல் நடைவழிக் கல்லை விடச் சற்று வெளிறியிருக்கும். அது பரவாயில்லை, ஒரே பாறை, ஒரே வயது என்பதால் கால் பட்டுப் பட்டு விரைவில் ஒத்துப்போகும்.

பழுது பெரிதாக இருந்து மறைவிடங்களின் கற்கள் போதாவிட்டால், ஒரு அறையின் நல்ல கற்கள் எல்லாவற்றையும் இன்னொரு அறைக்கு மாற்றி, முதல் அறை முழுவதையும் புதிதாகப் பதியுங்கள். இரண்டு நிறங்களும் கதவு நிலையில் சந்திக்கட்டும். அங்கே குறுக்காக ஒரு கருங்கற்பட்டை பதித்துவிட்டால், நிறம் மாறுவதைக் கண் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஒரே அறைக்குள் கலக்க நேர்ந்தால், புதியவற்றை ஒன்றாகக் கூட்டி வைக்காமல் பழையவற்றுக்கிடையே சிதறவிடுங்கள். பதிப்பதற்கு முன் எல்லாக் கற்களையும் சாந்தில்லாமல் பரப்பி, ஒருநாள் அப்படியே விட்டுப் பார்த்து, இடம் மாற்றி மாற்றி வையுங்கள்.

புதிய கல்லைப் பழையதற்கு அருகே கொண்டுவருதல்

பளபளப்பு வேறுபட்டால், நீரில் பயன்படும் சாண்ட் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, 120, 220, 400 எண் தாள்களால், கரடானதிலிருந்து மென்மையானதுக்கு, வரிசையாக வட்டமாகத் தேய்த்து, பழைய கல்லின் மங்கலை எட்டியவுடன் நிறுத்துங்கள். புதிய கல்லின் கூரிய விளிம்பையும் அதே தாளால் சற்று மழுக்குங்கள். பழைய தரையில் எந்த விளிம்பும் கூராக இருக்காது, அந்த ஒரு கோடுதான் முதலில் கண்ணில் படும்.

நிறம் ஒரு படி வெளிறியிருந்தால், கல்லின் நிறத்தை ஆழமாக்கும் வகைச் சீலரைப் பயன்படுத்தலாம். அது கல்லை நனைத்ததுபோன்ற தோற்றத்தை நிலையாகத் தரும். வெட்டியெடுத்த மீதித் துண்டில் பூசி, முழுவதும் காய்ந்தபின் தரையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கல்லில் பூச வேண்டும். பூசிய பின் எடுப்பது கடினம்.

மலையகத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை தேயிலைச் சாயம். கடும் சாயத்தில் கல்லை ஊறவைத்தால் பழுப்பு ஏறும் என்பது உண்மை. ஆனால் அது திட்டுத்திட்டாக ஏறும், வெளிச்சத்தில் மங்கும், இரும்பு உள்ள இடத்தில் கறுக்கும். அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) கரைத்துத் துருநிறம் ஏற்றுவோரும் உண்டு. அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, திரும்பவும் எடுக்க முடியாது. இரண்டையும் நான் செய்வதில்லை.

பெயர்ப்பதும் பதிப்பதும்

காலத்தைத் தெரிவு செய்வது மலையகத்தில் வேலையின் ஒரு பகுதி. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை உகந்த காலம். பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழைதான் கனமானது; அங்கே கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் தரை நன்றாகக் காயும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறட்சியானவை என்றாலும் இரவில் உறைபனிகூட விழும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே சீமெந்து மிக மெதுவாகவே இறுகும் என்பதால், அங்கே காலையில் பதித்து, பகலின் சூட்டைச் சாந்துக்குக் கொடுங்கள்.

உடைந்த கல்லைப் பெயர்க்க, முதலில் அதைச் சுற்றியுள்ள இடைச்சாந்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு கல்லின் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி உளியால் உடையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் பக்கத்துக் கல்லின் விளிம்பு போய்விடும். முழுதாக எடுக்க வேண்டிய கல்லானால், அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே உடைந்த கல் ஒன்றை முதலில் அகற்றி, அந்தக் குழியின் வழியாகத் தட்டையான உளியை அடியில் செலுத்தி மெல்ல நெம்ப வேண்டும். பழைய சாந்தின் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து வேலை செய்யுங்கள்.

குழியில் ஈரம் இருக்கிறதா என்று அறிய, குழியின் அளவுக்கு வெட்டிய பொலித்தீனைத் தளத்தின் மேல் விரித்து நான்கு பக்கமும் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். அதன் அடியில் நீர்த்துளிகள் படிந்தாலோ தளம் இருண்டாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. அது காயும்வரை பொறுக்க வேண்டும். "ஐயா, பதித்தால் தானாகக் காய்ந்துவிடும்" என்று மேசன் பாஸ் சொன்னாலும் இணங்க வேண்டாம். அந்த ஈரம் கல்லின் வழியாகத்தான் வெளியே வரும், வரும்போது மஞ்சளையும் உப்பையும் கொண்டுவரும்.

வெளிர்நிறக் கல்லுக்குச் சாம்பல் நிறச் சீமெந்தைத் தவிர்த்து வெள்ளைச் சாந்தைப் பயன்படுத்துங்கள். சாம்பல் நிறம் கல்லின் வழியே நிழலாகத் தெரியும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்துப் பதிக்கும் வழக்கம் கூடாது. தளம் முழுவதிலும் சாந்தைப் பரப்பி, கல்லின் அடியிலும் மெல்லியதாகத் தடவிப் பதித்தால்தான் நிறம் ஒரே சீராக இருக்கும், காலடியில் வெற்றொலியும் வராது. உயரத்தை நீர்மட்டக் கருவியால் பார்ப்பதை விடப் பக்கத்துக் கற்களின் விளிம்பில் விரலை ஓடவிட்டுப் பாருங்கள்; பழைய தரை மட்டமாக இருக்காது, புதிய கல் அதன் மேடுபள்ளத்தோடு போக வேண்டும். பதித்ததை மூடிவைக்க ஈரமான கடதாசிப் பெட்டியையோ பத்திரிகையையோ விரிக்காதீர்கள். அவற்றின் சாயம் கல்லில் இறங்கும். சுத்தமான வெள்ளைத் துணி போதும்.

இடைச்சாந்தும் சீலரும்

கல் பொருந்தி, இடைச்சாந்து பொருந்தாவிட்டால் முழு வேலையும் வெளியே தெரியும். புதிய கற்களைச் சுற்றி மட்டும் புதிய சாந்து நிரப்பினால் ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளைக் கரை கட்டியதுபோல் இருக்கும். முடிந்தால் அந்த அறை முழுவதிலும் இடைச்சாந்தைச் சுரண்டி ஒரே நாளில் ஒரே கலவையால் நிரப்புங்கள். ஒரே நிறக் கோடுகள் தரை முழுவதும் ஓடும்போது கற்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகளைக் கண் மன்னித்துவிடும். முடியாவிட்டால், கழுவிய பழைய சாந்தின் நிறத்துக்கு இரண்டு மூன்று கலவைகளைச் சிறு பலகையில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் ஒப்பிடுங்கள். ஈரத்தில் இருண்டு தெரியும் சாந்து காய்ந்ததும் வெளிறும். பழைய வீட்டில் சுண்ணாம்புச் சாந்தால் இடைவெளி நிரப்பியிருந்தால், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு நுண்மணல் என்று அதே வகையைப் பயன்படுத்துங்கள். கடினமான சீமெந்து இடைவெளியில் இறுகினால், தளம் அசையும்போது கல்லின் விளிம்புதான் உடையும்.

கடையில் இடைச்சாந்தாக விற்கும் நிறமூட்டிய கிரவுட்டை நிரப்புவதற்கு முன் புதிய கற்களின் மேற்பரப்பில் ஒரு தடவை சீலர் பூசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிரவுட்டின் சாயம் கல்லின் ஓரங்களில் உறிஞ்சப்படும். வேலை முழுவதும் முடிந்து தரை நன்றாகக் காய்ந்தபின், பழையது புதியது என்று பிரிக்காமல், கல்லுக்குள் இறங்கும் ஒரே வகைச் சீலரை எல்லாக் கற்களுக்கும் ஒரே நாளில் பூசி, மேலே தேங்கும் மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். அப்புத்தளையில் நான் செய்யத் தவறியது இதைத்தான். அந்த அறைக்கு மறுபடியும் போய்ப் பழைய கற்களைக் காயவைத்து அதே சீலரைப் பூசிய பின்பே பனிக்காலத்திலும் தரை ஒரே நிறமாக நின்றது. தண்ணீர்த் துளி கல்லின் மேல் முத்தாக நிற்காமல் உறிஞ்சப்படத் தொடங்கினால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மீதமான கற்களைப் பெட்டியில் கட்டி மேல்மாடத்தில் வைக்காதீர்கள். பின்வாசலில், தினமும் கால் படுகிற, தினமும் கழுவப்படுகிற இடத்தில், சாந்தில்லாமல் மணலின் மேல் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வாங்கிய ஆண்டையும் கல்லின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த தடவை உள்ளே ஒரு கல் வெடிக்கும்போது, வீட்டோடு சேர்ந்து வயதான கல் ஒன்று பின்வாசலில் தயாராக இருக்கும்.